கண்ணாடிக் கட்டடத்துக்கு நான் காசு தரமாட்டேன்

போன வாரம் ஒரு மின்னஞ்சல். நான் எண்பதுகளில் படித்த கல்லூரியின் (பெயர் வேண்டாம், சித்தூர்ப் பக்கம்) பழைய மாணவர்கள் அனுப்பியது. பழைய பிளாக்கை இடித்துவிட்டு, கண்ணாடி முகப்போடு ஏசி ஆடிட்டோரியம் கட்டப் போகிறார்களாம். வெளிநாட்டில் இருக்கும் நாமெல்லாம் தலைக்கு ஐந்நூறு டாலர். காரணம்? சுவரில் ஓதம், மழைக்கு ஒழுகுகிறது.

ஒழுகாமல் என்ன செய்யும்? அது மெட்ராஸ் டெர்ரஸ், மக்களே. தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கல்லை நெட்டாக நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்டு அடித்த தளம். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், திரும்ப வெளியே விட்டுவிடும். நாங்கள் படிக்கும்போதே அதன் மேல் சிமெண்டைப் பூசி மெழுகினார்கள். ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டது, செங்கல் பொடிகிறது. வைத்தியர் செய்த கோளாறுக்கு நோயாளியைக் கொல்லச் சொல்கிறார்கள்.

சரிசெய்ய முடியாதாம். சென்னை செனட் ஹவுஸை சிஸ்ஹோம் 1874-79ல் கட்டினார். எத்தனையோ வருஷம் பாழாய்க் கிடந்ததை 2000களில் புதுப்பிக்கவில்லையா? திருப்பதியில் தேவஸ்தானம் 1945ல் தொடங்கிய கலைக் கல்லூரி, 1954ல் வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வரும்வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. அப்பாவின் பட்டத்தில் சென்னை முத்திரைதான்.

2022 வரை எங்கள் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்னி பெசன்ட் 1915ல் தொடங்கிய கல்லூரி. 1919ல் தாகூர் வந்து தங்கி, ஜன கண மன பாட்டை ஆங்கிலத்தில் எழுதியது அங்கேதான். அதற்கு ஸ்வரம் எழுத உதவியவர் முதல்வர் கசின்ஸின் மனைவி மார்கரெட். ஒழுகுகிறது என்று அந்த பங்களாவை எவனாவது இடித்திருந்தால்?

நம் ஆட்களைச் சொல்லவேண்டும். லீவு விட்டால் பிள்ளைகளோடு ஆக்ஸ்போர்டு போய், பாசி பிடித்த சுவரைத் தொட்டுப் போட்டோ எடுப்போம். சங்கத்து மேடையில் வேங்கடம் போச்சே என்று 1953ஐ வருஷா வருஷம் அழுவோம். ஊருக்குப் போனால் தரிசனம், லட்டு, ஏர்போர்ட். (நானும்தான், இல்லை என்று சொல்லவில்லை.) அந்த ஊரில் நம் அப்பா உட்கார்ந்த பெஞ்சு இருக்கிறதா என்று எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. இடிக்கத்தான் காசு அனுப்புகிறோம்.

பதில் போட்டேன்: சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை வையுங்கள், ஆயிரம் டாலர் தருகிறேன்.

அரை மணியில் பதில் வந்தது. "அண்ணா, டிசைன் ஃபைனல் ஆயிடுச்சு. கல்வெட்டுல உங்க பேரை எப்படிப் போடணும்?"