பி.எஸ்சி. கணிதம்: கூலியோடு ஒரு கணக்கு

"மூணு வருஷம் கணக்குப் படிச்சா என்ன சம்பளம் வரும்?" பிளஸ் டூ முடிவு வந்த பிறகு செங்கம், தண்டராம்பட்டு, கலசபாக்கம் பக்கத்துச் சேரிகளில் பெற்றோர் நம்மிடம் நேராகக் கேட்கிற கேள்வி இது. கல்வியைக் காசாகப் பார்க்கலாமா என்று படித்தவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள். காசு இல்லாத வீட்டில் அப்படித்தான் பார்த்தாக வேண்டும். நாமும் பார்ப்போம்.

திருவண்ணாமலை கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரி போன்ற அரசுக் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. வீட்டிலிருந்து வந்துபோகிற பி.எஸ்சி. மாணவருக்கு அது ஆண்டுக்கு 3,000. விடுதியில் தங்கினால் 6,000. ஆகவே படிப்பு இலவசம் என்கிறார்கள்.

இலவசமில்லை. பதினெட்டு வயதுப் பையன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனால் நாளுக்கு 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 15,000. மூன்று ஆண்டுக்கு 5,40,000. வீட்டிலிருந்து படிக்கிறவருக்கு மூன்று ஆண்டிலும் கிடைக்கிற உதவி மொத்தம் 45,000. மீதி ஐந்து லட்சம்தான் அந்தக் குடும்பம் கட்டுகிற உண்மையான கட்டணம். எந்தக் கல்லூரியும் அதற்கு ரசீது தருவதில்லை. பி.எட். இரண்டு ஆண்டும் சேர்ந்தால் இழப்பு ஒன்பது லட்சத்தை நெருங்கும்.

இனி வரவு. அரசுப் பள்ளியில் கணிதப் பட்டதாரி ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400. கூலியைவிட மாதம் 21,400 கூடுதல். ஒன்பது லட்சத்தை மீட்க மூன்றரை ஆண்டு போதும். அதன் பிறகு அறுபது வயது வரை லாபம்தான். கொத்தனாரின் கூலியோ நாற்பத்தைந்து வயதில் முழங்காலோடு சேர்ந்து தேயத் தொடங்கிவிடும்.

ஆனால் அந்த வேலைக்குத் தகுதித் தேர்வில் தேற வேண்டும். 2018 அரசாணைக்குப் பிறகு, தேறியவரும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும். பணியிடம் அறிவிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டும். அதுவரை தனியார் பள்ளியில் பாடம் நடத்தும் கணக்கு வாத்தியார், சித்தாள் கூலிக்கும் கீழாகச் சம்பளம் வாங்குவது நம் ஊர்களில் அதிசயமில்லை. அந்த நிலையிலேயே நின்றுவிட்டவருக்குப் போட்ட முதல் திரும்பவே திரும்பாது. ஆக, ஒரே பட்டம் ஒருவருக்குச் சொத்தாகவும் இன்னொருவருக்கு நட்டமாகவும் முடிகிறது. நடுவில் இருப்பது அரசின் நியமனக் கொள்கை. ஆதிதிராவிடருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு. அறிவிக்கப்படாத பணியிடத்தில் 18 விழுக்காடு எவ்வளவு என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படியானால் சேர வேண்டாமா? சேரச் சொல்கிறோம். ராமானுஜன் வேலைக்குப் போனபோது பட்டம் வாங்கியிருக்கவில்லை. 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார்; அடுத்த ஆண்டே சென்னைப் பல்கலைக்கழகம் 75 ரூபாய் உதவித்தொகை தந்தது. அவர் மேதை, சந்தேகமில்லை. ஆனால் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து நாலு இடத்தில் சொல்ல ராமசாமி ஐயர், ராமச்சந்திர ராவ் போன்ற அதிகாரிகள் இருந்தார்கள். நம் வீட்டுப் பிள்ளைக்கு அப்படி எந்தப் பெரியப்பா இருக்கிறார்? சிபாரிசு இல்லாதவருக்குப் பட்டமே சிபாரிசு.

இன்னொன்றும் உண்டு. கிராமக் கர்ணம் வேலை நெடுங்காலம் பரம்பரை உரிமையாக இருந்தது. எந்த நிலம் யார் பேரில் என்று எழுதிய கை நம்முடையதாக இல்லை. பஞ்சமி நிலம் கைமாறிய கதைகளில் அந்தக் கணக்குப் புத்தகத்துக்கும் பங்குண்டு. 1980இல் எம்.ஜி.ஆர். ஆட்சி கர்ணம் பதவியையே ஒழித்த பிறகுதான், தேர்வெழுதி கிராம நிர்வாக அலுவலராகும் வழி நமக்குத் திறந்தது.

கணிதம் படித்தால் வாத்தியார் வேலை ஒன்றுதான் என்பதும் சரியில்லை. வங்கித் தேர்வில் பலர் தடுமாறுவது எண்ணிலும் தர்க்கத்திலும்தான். அது உங்கள் களம். இரண்டு ஆண்டு எம்.சி.ஏ. படிக்கலாம். பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். ஜாம் தேர்வு எழுதினால் ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. படிக்க வழியுண்டு. நெட் தேர்வில் இளநிலை ஆய்வாளராகத் தேறி ஆய்வில் சேர்ந்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இவற்றை முதல் ஆண்டிலேயே வகுப்பில் சொல்ல வேண்டும். மூன்றாம் ஆண்டு முடிவில் டீக்கடையில் கேள்விப்படுகிறவர்களே நம்மிடம் அதிகம்.

இந்த ஆண்டு சேருகிறவர்கள் சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் இப்போதே எடுத்து வையுங்கள். வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று வங்கியிலேயே போய்க் கேளுங்கள். உதவித்தொகை வராவிட்டால் கல்லூரி முதல்வரிடமும் மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலரிடமும் எழுத்தில் மனுக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். தனித்தனியாகப் போக வேண்டாம், வகுப்பாகச் சேர்ந்து போங்கள்.