கொடுக்கல் வாங்கல்: கும்மிடிப்பூண்டிச் சாலைக்கு எந்தக் கார்?



'ஹைபிரிட்' என்னும் சொல் இப்போது நம் இல்லங்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. வடசென்னையில் குடியிருந்துகொண்டு, நாள்தோறும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கோ, ஆந்திர எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கோ, மேற்கே திருவள்ளூர்த் தொழிற்சாலைகளுக்கோ சென்று திரும்பும் சகோதரர்கள் பலர் கேட்பது ஒன்றுதான். பெட்ரோல் செலவு தாங்கவில்லை. ஹைபிரிட் கார் வாங்கலாமா? வாங்குவதானால் எதை வாங்குவது?

மதரஸாவில் பாடம் நடத்துபவருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் முறுவலிக்கலாம். ஃபிக்ஹு நூல்களில் தொழுகை, நோன்பு, ஜகாத், ஹஜ் ஆகியவற்றுக்குப் பின் வாணிபப் பாடம் ஒன்று வருகிறதே, அது சாதாரணப் பாடமன்று. விற்கப்படும் பொருள் இன்னது, அதன் தன்மை இன்னது, விலை இன்னது என்று இரு தரப்பாரும் அறிந்திருக்கவேண்டும் என்பதை இமாம்கள் பக்கம் பக்கமாக விவரித்திருக்கின்றனர். ஒரு கூடை பேரீச்சம் பழத்திற்கே அவ்வளவு விசாரணை என்றால், பத்தாண்டுச் சேமிப்பை விழுங்கக்கூடிய ஒரு வாகனத்தைப் பெயரைக் கேட்டு மயங்கி வாங்குவது எப்படிப் பொருந்தும்?

பெயரிலிருந்தே தொடங்குவோம். ஹைபிரிட் என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பொருள்கள் விற்கப்படுகின்றன. ஒன்று 'மைல்ட் ஹைபிரிட்'. இதில் ஒரு சிறு மின்கருவி, இன்ஜினை நிறுத்தித் தொடங்குவதற்கும் புறப்படும்போது சற்றுக் கைகொடுப்பதற்கும் மட்டுமே பயன்படும். அது தனியாகச் சக்கரத்தை உருட்டாது. மற்றொன்று 'ஸ்ட்ராங் ஹைபிரிட்'. இதில் மோட்டாரே வண்டியைச் சிறிது தூரம் தனித்து ஓட்டும் வலிமை பெற்றது. இன்ஜின் அப்போது உறங்கிக் கிடக்கும். 2015இல் மத்திய அரசு தொடங்கிய ஃபேம் திட்டத்தில் மைல்ட் ஹைபிரிட் கார்களுக்கும் சலுகை கிடைத்தது. 2017 ஏப்ரல் முதல் அவற்றை அத்திட்டத்திலிருந்து அரசே நீக்கிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்று அரசே பிரித்து வைத்த பிறகும், விற்பனைக் கூடத்தில் 'இதுவும் ஹைபிரிட்தான் பாய்' என்று யாரேனும் சொன்னால், எந்த ஹைபிரிட் என்று திருப்பிக் கேட்க வெட்கப்படாதீர்கள். நான் இனி எழுதுவதெல்லாம் ஸ்ட்ராங் ஹைபிரிட் பற்றியே.

'இதை எங்கே சார்ஜ் செய்வது?' என்று கேட்கிறார்கள். எங்கும் செய்யவேண்டியதில்லை. நம் நாட்டில் பரவலாக விற்பனையாகும் இவ்வகைக் கார்களுக்குப் பெட்ரோல் ஒன்றே உணவு. பிரேக்கை மிதிக்கும்போது வழக்கமான காரில் வேகமெல்லாம் வெப்பமாகி வீணாகிறது. இதிலோ மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்த வேகத்தின் ஒரு பகுதியை மின்சாரமாக்கி பேட்டரியில் சேர்க்கிறது. மறுபடி புறப்படும்போது அச்சேமிப்பைச் செலவிடுகிறது. வீணாவதை மீட்டுப் பயன்படுத்தும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது என்பதை மறைப்பானேன்!

ஆனால் கவனியுங்கள். நின்று நின்று செல்லும் சாலையில்தான் மீட்பதற்கு நிறைய உண்டு. சீரான வேகத்தில் ஓடும் நெடுஞ்சாலையில் பிரேக்குக்கு வேலை குறைவு. ஆகவே மீட்கவும் அதிகம் இல்லை. அங்கே பெட்ரோலைக் குடிப்பது காற்றின் எதிர்ப்பு. அது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும்: மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்பவர் 100க்கு ஏறினால், வேகம் கால் பங்குதான் கூடுகிறது, காற்றின் எதிர்ப்போ ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. ஆதலால் நெடுந்தூரம் செல்பவருக்கு ஹைபிரிட் மிக ஏற்றது என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதிதான் உண்மை.

இனி நம் சாலைகளைப் பாருங்கள். மண்ணடியிலோ இராயபுரத்திலோ புறப்பட்டு ஜி.என்.டி. ரோட்டில் வடக்கே செல்பவர், மாதவரம், புழல், செங்குன்றம் வரை கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே ஊர்ந்துதான் செல்கிறார். காரனோடையில் கொசஸ்தலையாற்றைக் கடந்த பின்னர், தச்சூர், கவரைப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை ஆறு வழிச்சாலை விரிகிறது. ஆக, அவருடைய பயணம் பாதி நகரம், பாதி நெடுஞ்சாலை. அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகச் சி.டி.எச். ரோட்டில் திருவள்ளூர் செல்பவருக்கோ பெரும்பகுதி நெரிசல்தான். ஹைபிரிட் தன் திறமையை முழுதும் காட்டும் சாலை அது. (1998இல் லான்சர் கார் உருவானதும், பின்னர் சிட்ரோயன் கார்கள் உருவானதும் அதே திருவள்ளூரில்தான். கார் பிறக்கும் ஊருக்குப் போகும் வழியில்தான் கார் நகர மறுக்கிறது!) காலை ஷிப்டுக்காக விடியுமுன் புறப்பட்டு வெறிச்சாலையில் பறப்பவரின் கணக்கு வேறு. ஆகவே அண்டை வீட்டார் வாங்கினார் என்பதற்காக வாங்காதீர்கள். அவர் சாலை வேறு, உங்கள் சாலை வேறு.

சரி, எவை எவை? 2022இல் மாருதி கிராண்ட் விட்டாராவும் டொயோட்டா ஹைரைடரும் வந்தன. முகம் வேறு, பெயர் வேறு. ஹைபிரிட் வகையில் உள்ளிருக்கும் 1.5 லிட்டர் இயந்திரமும் மோட்டாரும் ஒன்றே. வெளிவந்தபோது இரண்டுக்கும் சோதனை அமைப்பு சான்றளித்த மைலேஜும் ஒன்றே: லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். இவ்விரண்டில் எது சிறந்தது என்று மணிக்கணக்கில் வாதிடுவோரை நான் பார்த்திருக்கிறேன்! உங்கள் வீட்டருகே எந்த நிறுவனத்தின் சர்வீஸ் நிலையம் உள்ளது, எது சில ஆயிரம் குறைவு என்பதோடு அந்த வாதம் முடிந்துவிட வேண்டும். இன்னோவா ஹைகிராஸ், மாருதி இன்விக்டோ ஆகியவையும் அப்படியே இரட்டைப் பிள்ளைகள். 2 லிட்டர் இன்ஜின், லிட்டருக்கு 23.24 என்ற சான்று. வாப்பா, உம்மா, பிள்ளைகள் என்று ஏழு பேர் செல்லும் குடும்பத்திற்கு அவை பொருந்தும். தனியொருவர் வேலைக்குச் சென்று வர அவ்வளவு பெரிய வண்டி எதற்கு?

மூன்றாவது, அதே 2022இல் வந்த ஹோண்டா சிட்டி ஹைபிரிட். வெளிவந்தபோது அதன் சான்று 26.5. இதன் அமைப்பு சற்று வேறுபட்டது. நகரத்தில் பெரும்பாலும் இன்ஜின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. நெடுஞ்சாலையில் சீரான வேகம் பிடித்ததும், ஒரு கிளட்ச் பூட்டிக்கொண்டு இன்ஜினே நேரடியாகச் சக்கரத்தை இயக்குகிறது. உயரம் குறைந்த உடல் காற்றையும் எளிதாகக் கிழித்துச் செல்லும். காரனோடைக்கு அப்பால் செல்பவருக்கு இதுவே பொருத்தம் என்பது என் கருத்து. ஆனால் பின்புறச் சாமான் அறையில் பெரும் பகுதியை பேட்டரி பிடித்துக்கொள்கிறது. பெருநாளைக்கு ஊருக்குப் போகும்போது அது தெரியும். மேலும், 2015லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னைத் தெருக்களில் நீர் நின்ற உயரத்தை எண்ணிப் பார்ப்பவர், தாழ்ந்த கார் வாங்கச் சற்றுத் தயங்கத்தான் செய்வார்.

இனி, பென்சிலைக் கையில் எடுங்கள். நாளொன்றுக்குப் போகவர 100 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர். சான்றளித்த மைலேஜ் சாலையில் கிடைப்பதில்லை. எனவே அடக்கமாகவே வைப்போம். வழக்கமான பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 என்றும், ஹைபிரிட் 21 என்றும், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொண்டால், முன்னதற்கு ஆண்டுச் செலவு 2 லட்சம் ரூபாய். பின்னதற்கு ஏறத்தாழ 1 லட்சத்து 43 ஆயிரம். மிச்சம் 57 ஆயிரம். அதே அளவுள்ள பெட்ரோல் காரைவிட ஹைபிரிட்டின் விலை 4 லட்சம் அதிகம் என்றால், அந்தப் பணம் திரும்பிவர ஏழு ஆண்டுகள் ஆகும்.

இங்கேதான் பலர் பாராமல் விடும் ஒரு வரி இருக்கிறது. நான் குறிப்பிட்ட நிறுவனங்கள் ஹைபிரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கிலோமீட்டர், எது முன்னதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. '8 ஆண்டு' என்பதைப் படித்து மகிழ்ந்துவிடுகிறோம். ஆண்டுக்கு 30,000 ஓட்டும் உங்களுக்கு அந்த உத்தரவாதம் ஐந்தாண்டு நான்கு மாதத்தில் முடிந்துவிடும்! போட்ட பணம் முழுதாகத் திரும்புமுன்பே பேட்டரியின் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுகிறது. மேற்சொன்ன கணக்கின்படி, உத்தரவாதக் காலத்திற்குள் பணம் திரும்பவேண்டுமானால், விலை வித்தியாசம் 3 லட்சத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் கிலோமீட்டரையும் உங்கள் விலைச்சீட்டையும் வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

வரியைப் பற்றி ஒரு சொல். 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. மாற்றப்பட்டது. அதற்கு முன் இந்த அளவுள்ள ஹைபிரிட் கார்களுக்கு 43 விழுக்காடும், அதே அளவுப் பெட்ரோல் கார்களுக்கு 45 விழுக்காடும் இருந்தன. இப்போது இரண்டுக்கும் 40. ஹைபிரிட்டுக்கு இருந்த சிறு சலுகையும் போய்விட்டது. மின்சாரக் காருக்கோ 5 விழுக்காடுதான். சொந்த வீடும், வண்டி நிறுத்த இடமும், அங்கே மின் இணைப்பும் உள்ளவர் அதையும் எண்ணிப் பார்க்கலாம். நாளொன்றுக்கு 100 கிலோமீட்டர் அதற்குப் பெரிதன்று. மண்ணடிச் சந்துகளில் வாடகைக்கு இருப்போர் சார்ஜ் செய்ய எங்கே போவார்கள்? எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019இல் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் திரவ எரிவாயு முனையம் வந்த பின்னர், நம் பகுதியில் சி.என்.ஜி. கிடைப்பதும் எளிதாயிற்று. சி.என்.ஜி. காரின் விலை ஹைபிரிட்டைவிட மிகக் குறைவு. அதன் உருளையும் சாமான் அறையைப் பிடிக்கும். நிரப்ப வரிசையில் நிற்க நேரும். எனினும் சிக்கனம் ஒன்றே நோக்கம் என்பவர் அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நியாயமன்று.

இப்போது மிக முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். அந்த 4 லட்சம் கையில் இல்லை. வங்கிக் கடன் வாங்கிப் பெட்ரோலில் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணுவோர் உளர். வட்டி ஹராம் என்பதை அல்பகரா அத்தியாயம் 275ஆம் வசனத்திலிருந்து எடுத்துச் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை. வெறும் கணக்காகவே பாருங்கள். 4 லட்சத்தை ஆண்டுக்கு 9 விழுக்காட்டில் ஐந்தாண்டுத் தவணையில் வாங்கினால், வட்டி மட்டும் சுமார் 98 ஆயிரம் ரூபாய். ஏறத்தாழ இருபது மாதங்களாகப் பெட்ரோலில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதிலேயே கரைந்துபோம். பாவத்தையும் சுமந்து, பணத்தையும் இழப்பதா? சேமிப்பு எட்டாதவர், அந்தச் சேமிப்புக்குள் அடங்கும் பழைய பெட்ரோல் காரையோ சி.என்.ஜி. காரையோ வாங்கி, ஓரிரு ஆண்டு ஓட்டுவதில் எந்தக் குறைவும் இல்லை. பழைய ஹைபிரிட் வாங்குவோர், அது ஓடியிருக்கும் கிலோமீட்டரைப் பார்த்து, பேட்டரி உத்தரவாதத்தில் எவ்வளவு மீதம் என்று கணக்கிட்ட பிறகே விலை பேசுக. விற்பவரும் குறையை மறைக்காமல் சொல்லக் கடமைப்பட்டவர்.

கார் இல்லாமலே போகலாமே என்று சொல்பவரும் உண்டு. கும்மிடிப்பூண்டிக்கு 1979 முதல் மின்சார ரயில் ஓடுகிறது. நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்கு நிறுவனப் பேருந்து வருமானால், அதைவிட மலிவான ஹைபிரிட் எது? ஷிப்டு நேரமும் ரயில் நேரமும் ஒத்துவராதவர்களுக்காகவே இவ்வளவும் எழுதுகிறேன்.

தொழுகை பற்றியும் கேட்கிறார்கள். வீட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி ஒருவழி ஐம்பது கிலோமீட்டர் அளவே. ஹனஃபி மத்ஹபில் கஸ்ருக்குரிய தூரம் சுமார் 77 கிலோமீட்டர்; ஷாஃபிஈ மத்ஹபில் 80ஐத் தாண்டும். ஆதலால் இந்த அன்றாடப் பயணத்தில் சுருக்கித் தொழ இடமில்லை. நவம்பர், டிசம்பர் மாதங்களில் சென்னையில் மாலை 5.45 மணி வாக்கிலேயே மஃரிப் நேரம் வந்துவிடுகிறது. அப்போது நீங்கள் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். வழியிலுள்ள பள்ளிவாசல்களை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமாகும் பெட்ரோலைக் காட்டிலும் அந்தப் பத்து நிமிட நிறுத்தம் பெரிது.

கடைசியாக, வண்டியை ஓட்டிப் பார்க்கும் விதம். விற்பனைக் கூடத்தார் பக்கத்துத் தெருவைச் சுற்றிக் காட்டுவார்கள், அதை ஏற்காதீர்கள். நீங்கள் வேலைக்குப் புறப்படும் அதே நேரத்தில், நீங்கள் செல்லும் அதே சாலையில், காரனோடைப் பாலம் தாண்டும் வரையாவது ஓட்டக் கேளுங்கள். புறப்படும்போது மைலேஜ் காட்டியைப் பூஜ்யமாக்குங்கள். செங்குன்றத்தில் ஒருமுறையும், தச்சூரில் ஒருமுறையும் அது காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் எண் முதல் எண்ணைவிடக் குறைந்தால் வியப்படையாதீர்கள். மேலே போட்ட கணக்கில் 21 என்று நான் வைத்த இடத்தில் அந்த இரண்டாம் எண்ணை வைத்து, மறுபடியும் வகுத்துப் பாருங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளில் பாயும் உயர்ந்த மின்னழுத்தத்தில் கைவைக்கப் பயிற்சி பெற்றவர் உங்கள் வட்டாரச் சர்வீஸ் நிலையத்தில் இருக்கிறாரா என்பதையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.