பட்டணம் வளருது, பட்டா போகுது!

விவசாயப் பெருங்குடி மக்களே!

பட்டணம் பெருத்தால் கம்ப்யூட்டர், வங்கி, ஆஸ்பத்திரித் தொழில்கள் ஒரே இடத்தில் கூடும், ஆளுக்கு வருமானம் ஏறும் என்கிறார்கள். உண்மைதான்! 2000இல் சென்னை தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அந்தச் சாலையே மாறிப்போச்சு.

ஆனா அங்கே எரியும் விளக்கில் நெய்வேலி மின்சாரமும் இருக்கே! அந்தச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தது யாரு? நாமதானே! 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலிலேயே பொக்லைன் இறங்குச்சே, மறக்க முடியுமா? வருமானம் பட்டணத்துக்கு, பள்ளம் நமக்கா? நிலம் போன வீட்டுப் பிள்ளை பட்டணத்தில் வாட்ச்மேனா நிக்கணுமா?

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கு, ரயில் ஜங்ஷன் இருக்கு. அந்த வேலைகள் இங்கே வந்தால் ஆகாதா?

அரசே!
சம்மதமில்லாமல் நிலத்தை எடுக்காதே!
சம்பளம் தரும் தொழிலை விருத்தாசலத்துக்குக் கொண்டு வா!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!