முருகைக்கல் கல்லல்ல

கீழைக்கரையில் பவளப்பாறையை முருகைக்கல் என்போம். பெயரில் இருக்கும் கல்லை நம் மக்கள் அப்படியே நம்பிவிட்டார்கள். அன்று சுண்ணாம்புச் சூளையிலிட்டு எரித்தார்கள். இன்று பிள்ளை குட்டிகளோடு ஏறி நின்று படம் பிடிக்கிறார்கள்.

ஏறாவூரிலிருந்து பாசிக்குடா அரைமணி நேர ஓட்டம். திருகோணமலைக்கு அப்பால் நிலாவெளிக்குப் போனால், எதிரே புறாத்தீவு. மே முதல் செப்டெம்பர் வரை நம் கடல் அடங்கிக் கிடக்கும். கனடாவிலும் லண்டனிலும் பள்ளிக்கூடங்கள் மூடுவதும் அப்போதுதான். உறவுகள் வருகிறார்கள், படகேறுகிறார்கள், முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி மீன் பார்க்கிறார்கள். இதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை. 2009 வரை போரின் நிழலில் கடலைப் பார்த்தவர்கள் தம் குழந்தைகளை அதே கடலுக்குள் அழைத்துச் செல்வதைத் தடுக்க யாருக்கு மனம் வரும்?

ஆனால் அண்மையில் கண்ட காட்சியைச் சொல்லாமலும் இருக்க முடியவில்லை. படகோட்டி நங்கூரத்தைத் தூக்கி முருகைப் படுகையின் மீதே வீசினார். நீந்திக் களைத்த சிறுமியிடம் அவளுடைய தந்தை, "அந்தக் கல்லில ஏறி நில்லு மகள்" என்றார். அவள் நின்றாள். காலடியில் ஒரு கிளை முறிந்தது. ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது குற்றமென்று அந்தப் படகில் எவருக்கும் எப்போதும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

அன்பர்களே, அது கல்லல்ல. சிறு சிறு உயிர்கள் கூட்டாகக் கட்டிய வீடு. உருண்டைப் பாறை வகைகள் ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரே வளர்கின்றன. ஆளுயரப் பாறையென்றால் அதற்கு நம் பாட்டனின் பாட்டனுடைய வயது. அந்த உயிர்களுக்கு நிறமும் உணவும் தருவது அவற்றுள் வாழும் நுண்பாசி. கடல் சூடேறினால் பாசி வெளியேறும், பாறை வெளிறும், சூடு நீடித்தால் சாகும். 1998இல் இக்கடுவைப் பாறைகள் அவ்வாறே அழிந்தன. திருகோணமலைப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. அந்தப் பாக்கியத்தின் மீதுதான் இன்று ஏறி நிற்கிறார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், 1988இல் திருத்தப்பட்டு, முருகைக்கல் அகழ்வதைத் தடை செய்தது. புறாத்தீவு 1963இல் சரணாலயம். 2003இல் தேசியப் பூங்கா. காகிதத்தில் எல்லாம் செவ்வனே இருக்கிறது. காகிதம் தண்ணீரில் நனைந்தால் என்னவாகும் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும்.

2004 டிசம்பர் 26ஐ நம் கரையில் மறந்தவர் இல்லை. தென்மேற்கே பெரலியவில் அலை ரயிலையே புரட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. சில கிலோமீற்றர் தெற்கே இக்கடுவையில் அதன் உக்கிரம் மிகக் குறைவு. பெரலியவில் முருகைக்கல் அகழப்பட்டிருந்ததையும், இக்கடுவையில் பாறை எஞ்சி நின்றதையும் ஆய்வாளர்கள் 2005இல் சுட்டிக்காட்டினார்கள். பாறை மட்டுமே காரணமென்று நான் வாதிடவில்லை. ஆனால் வாசலில் நிற்கும் காவலனை நாமே வெட்டிவிட்டு விதியை நோவது என்ன நியாயம்?

"உலகமே சூடாகிறது, எங்கள் கால் பட்டா கடல் அழியப்போகிறது?" என்பார்கள். 2023இல் தொடங்கிய உலகளாவிய வெளிறல் உண்மைதான். அதனால்தான் சொல்கிறேன்: காய்ச்சலில் கிடப்பவனின் நெஞ்சில் ஏறி மிதிக்காதீர்கள். "படகோட்டியின் பிழைப்பு?" என்பார்கள். பாறை செத்தபின் அவர் எதைக் காட்டிப் பிழைப்பார்?

வெளிநாட்டு உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. ஹவாய் 2021 முதல் பவளத்துக்குக் கேடான இரண்டு இரசாயனங்கள் கலந்த வெயில் களிம்புகளின் விற்பனையைத் தடுத்தது; தாய்லாந்தும் அதே ஆண்டு தன் கடற்பூங்காக்களில் அத்தகைய களிம்புகளைத் தடை செய்தது. அங்கே பலகையைப் படித்துப் பணிபவர்கள், சொந்த மண்ணில் மட்டும் ஏன் அந்தப் பணிவைப் பெட்டியிலேயே பூட்டி வைக்கிறார்கள்?

கேட்பது அதிகமில்லை. நங்கூரத்துக்குப் பதிலாகப் படகைக் கட்ட நிலையான மிதவைகள். நீந்தத் தெரியாதவருக்கு மிதவை அங்கி. இறங்குமுன் ஐந்து நிமிட அறிவுரை, தமிழிலும் சிங்களத்திலும். ஒரு நேரத்தில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு. இவற்றை அதிகாரிகள் செய்யட்டும். அதுவரை பெற்றோர் ஒன்று செய்யலாம்: பிள்ளையிடம் "பார், தொடாதே" என்று சொல்லலாம். அதற்கு எந்தத் திணைக்களத்தின் அனுமதியும் தேவையில்லை.