கரை மாறும் நோயாளி

புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக் கரையிலே பருவத்தோடு வாடி அமைத்து, பருவத்தோடு பெயர்ந்து செல்லும் கடற்றொழிலாளரின் இருமலை யார் கவனிப்பது? கையிலே கொண்டு செல்லத்தக்க எக்ஸ்ரேக் கருவி இன்று உண்டு. 15 வயது நிரம்பியோரின் நெஞ்சுப் படத்தைக் கணினி கொண்டு ஆராய்ந்து காசநோய் ஐயத்தைக் கண்டறியலாம் என உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்தது. ஆனால், படம் ஐயத்தையே எழுப்பும். நோயை உறுதி செய்யச் சளிப் பரிசோதனை வேண்டும். பின்னர் 6 மாதம் மருந்து உண்ண வேண்டும். இடையிலே கரை மாறியவன் மருந்தைக் கைவிட்டால், மருந்துக்கு அடங்காத கிருமி வளரக்கூடும்.

எனவே, கண்டறிதலோடு பின்தொடர்தலும் வேண்டும் என்போம். அவன் செல்லும் ஊர் வைத்தியசாலைக்கு முன்னரே அறிவிக்கக் கைத்தொலைபேசி ஒன்று போதும். ஆயினும், நாணத்தால் நோயை மறைப்பவன் போகும் ஊரைச் சொல்லான். அந்நாணத்தைப் போக்குவது, ஆசிரியர்களே, மாணவர்களே, நம் பணி.