மலரில் இடம்பெறாத எட்டுப் பக்கங்கள்

தமிழ்த்துறை மலருக்குப் படைப்புகளைத் தெரிவு செய்யும் பணி நமக்கு வாய்த்துப் பல ஆண்டுகள் ஆயின. 'தாய்மை', 'பெண்மையின் பெருமை', 'பாரதி கண்ட புதுமைப்பெண்' ஆகிய தலைப்புகளில் ஆண்டுதோறும் கட்டுரைகள் வந்து குவியும். அவற்றைத் திருத்துவது எளிது; அச்சேற்றுவதும் எளிது. படித்தபின் மறப்பதும் எளிது என்பதை ஈண்டு ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற ஆண்டு அவற்றிடையே, ஒரு குறிப்பேட்டிலிருந்து படியெடுக்கப்பட்ட எட்டுப் பக்கங்கள் வந்தன. எழுதியவர் நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்று, சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டும் நிரம்பாத முன்னாள் மாணவி. ஆரணியில் பட்டுத்தறி நெய்யும் குடும்பம். பெயரும் சமயமும் இங்கு வேண்டா. அகப்பாடல்களில் எவர் பெயரும் சுட்டப்படுவதில்லை என்னும் இலக்கணத்தை அவருக்குக் கற்பித்தவர்கள் நாமே. அதனை இங்கும் கைக்கொள்வோம்.

அப்பக்கங்களை நாம் அச்சிடவில்லை. ஏன் அச்சிடவில்லை என்பதையும், அது பிழை என்று இன்று ஏன் கருதுகிறோம் என்பதையும் கூறவே இக்கட்டுரை.

பெரிய செய்தி எதுவும் அவற்றில் இல்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லை அல்லவா? சில மாலைகளில் அவர் தம் விடுதிக்குரிய நிறுத்தத்தில் இறங்காமல், இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, நடந்தே திரும்புவார். காரணம் ஏதும் இல்லை. 'எங்கே போகிறாய்' என்று எவரும் கேளாத அந்தப் பத்து நிமிடம் தமக்குப் பிடித்திருந்தது என்று எழுதியிருந்தார். தேநீர்க் கடையில் தனியே நின்று முதன்முறை தேநீர் குடித்த நாளைக் கிழமையோடு குறித்திருந்தார். ஆரணிப் பேருந்து நிலையத்தில் பிறந்ததுமுதல் அவ்வாறு நின்றதில்லையாம். அங்குள்ளோர் அனைவரும் தந்தையை அறிந்தவர்கள். மாலையில் முழம் மல்லிகை வாங்கித் தலையில் சூடாமல் தலையணை அருகே வைத்துக்கொண்டு உறங்கியது ஒரு பக்கம்.

ஒப்புதல்களும் இருந்தன. முதல் மாதச் சம்பளத்தில் வீட்டிற்குச் சொன்ன தொகைக்கும் கையில் வாங்கிய தொகைக்கும் ஐந்நூறு ரூபாய் வேறுபாடு. அவ்வைந்நூறில் ஒரு குடை, பழைய புத்தகம் ஒன்று, உதட்டுச் சாயம் ஒன்று. சாயத்தை விடுதி அறைக்குள்ளேயே பூசி, கண்ணாடியில் பார்த்து, துடைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். தொலைபேசியில் தாய் 'சாப்பிட்டாயா' என்று கேட்டபோது உண்ணாமலே 'ஆயிற்று' என்று சொன்ன இரவுகள் சில. விடுமுறைக்கு ஊர் வந்த இரண்டாம் நாளே சென்னை நினைவு வந்து, அதனை வெளியிற் சொல்ல வெட்கியது வேறு.

நம்மை நிறுத்தி வைத்தது தியாகராய நகர்ப் பட்டுக்கடையைப் பற்றிய பகுதி. அம்மாணவி ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்குள் நுழைந்து, வாங்க வந்தவர்போல் அமர்ந்து, ஒரு புடவையை விரித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார். விற்பனைப் பெண் 'இது ஆரணிப் பட்டு' என்றிருக்கிறார். இவர் 'அப்படியா' என்று மட்டும் கேட்டிருக்கிறார். குழித்தறியில் கால் புதைத்து அமர்ந்து தந்தை பாவில் ஊடை ஓட்டுவதையும், தாய் இராட்டையில் தார் சுற்றுவதையும், நாடா ஓடும் ஓசை நின்றால் மட்டுமே குழந்தைகள் விழித்துக்கொள்ளும் வீட்டையும் உடையவர், முந்தியின் ஜரிகையைத் தடவிக்கொண்டு 'அப்படியா' என்கிறார். விலைச்சீட்டைப் பார்த்தார். தந்தையின் கூலியை அதற்குள் வகுத்துப் பார்த்தார். தாயின் பங்கை வகுக்க இயலவில்லை. கூலி தறியில் அமர்பவர் பெயரில் கணக்காகும், தார் சுற்றிய கைக்குத் தனிக் கணக்கு இல்லை. 'வேறு நிறம் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார். நம் வீட்டுத் தறியில் நெய்த ஒன்றையும் நான் கட்டியதில்லை. அன்றைக்குக் கால் மணி நேரம் அதை வாங்கக்கூடியவளாக இருந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது என்னும் பொருள்பட அப்பகுதி முடிந்தது.

இதனைப் படித்துவிட்டு அவரை அழைத்து நாம் சொன்னது இது: "நடை நன்றாக இருக்கிறதம்மா. ஆனால் மலருக்குப் பொருந்தாது. வீட்டில் உள்ளவர்கள் மனம் வருந்தினால்?"

"எங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட்டேன் அம்மா" என்றார் அவர். "பட்டுக்கடை வந்தபோது இராட்டையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்டுவிட்டு, 'அந்த நிறத்தில் நாம் ஒன்றும் போடவில்லையே, வேறு யார் தறியோ' என்றார்கள்."

தாயின் பெயரால் நாம் எழுப்பிய தடையைத் தாயே தகர்த்துவிட்டார். ஆயினும் நாம் அசையவில்லை. 'இலக்கியத் தரம்' என்றொரு சொல் எம் போன்றோர் கைவசம் எப்போதும் உண்டு. அதனை எடுத்துப் பயன்படுத்தினோம். அவ்விடத்தில் பெண் முன்னேற்றம் பற்றிய நம் கட்டுரை ஒன்று வெளியாயிற்று. அதனை எவரேனும் படித்ததாகத் தகவல் இல்லை.

தரம் என்று சொன்னோமே, அதனைச் சற்று ஆராய்வோம். புதுச்சேரியில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை நாம் வரலாற்றுக் கருவூலம் என்று போற்றுகிறோம். போர்ச் செய்திகளும் வணிகச் செய்திகளும் மட்டுமா அதில் உள்ளன? ஊர்ப் பேச்சு, சகுனம், தமக்குக் கிடைத்த மதிப்பு, கிடைக்காத மதிப்பு எல்லாம் உண்டு. ஆண்மகன் ஒருவர் அன்றாடத்தை எழுதினால் அது ஆவணம். இளம்பெண் எழுதினால் அற்பம் என்று எந்த இலக்கணம் கூறிற்று? மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி 782 அடிகளில் ஒரு நகரத்தின் பகலையும் இரவையும் பாடுகிறது. நாளங்காடியும் அல்லங்காடியும் அதில் உண்டு, மகளிரும் உண்டு. அவர்களைப் புலவர் காண்கிறார். அவ்வங்காடியில் நடந்த இளம்பெண்ணொருத்தி தான் கண்டதை எழுதிய ஏடு நம் கைக்கு வரவில்லை. சங்கப் பாடல்களில் தலைவி கூற்றாக வருபவற்றுள்ளும் பெரும்பகுதி ஆண்பாற் புலவர்கள் தலைவியாக நின்று பாடியவை. வெள்ளிவீதியார் போன்ற பெண்பாற் புலவர்களின் பாடல்கள் தொகையில் சிறுபான்மையே.

கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. ஜப்பானில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசியின் பணிப்பெண்ணாக இருந்த செய் ஷோனகோன் என்பார், தமக்கு மகிழ்ச்சி தருவன, எரிச்சல் தருவன, வெட்கம் தருவன என்று பட்டியல் பட்டியலாக எழுதிவைத்தார். 'தலையணை நூல்' என்று வழங்கும் அந்நூல் அந்நாட்டு உரைநடையின் முதன்மையான நூல்களுள் ஒன்றாக இன்று கற்பிக்கப்படுகிறது. அங்கும் ஒரு தமிழ்த்துறை போன்றதொரு துறை இருந்து, மலருக்குப் பொருந்தாது என்று சொல்லியிருந்தால் என்னாகும் என்று எண்ணிப் பார்க்கிறோம்.

நம் சமுதாயத்திலிருந்தே சொல்வோம். நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்புவரை மட்டுமே பள்ளி சென்றவர். 1938இல் 'காதலா கடமையா' என்னும் புதினத்தை வெளியிட்டார், உ.வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். எண்பதைக் கடந்த தமிழ்த்தாத்தாவுக்குப் பொருந்தியது, நாற்பதைக் கடந்த நமக்குப் பொருந்தவில்லை! துவரங்குறிச்சியிலிருந்து எழுதிய சல்மாவை எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று வயதில் தோழியரோடு ஒரு திரைப்படம் பார்க்கச் சென்றது பெருங்குற்றமாகி, அதனோடு தம் பள்ளிப்படிப்பே நின்றதென்று அவர் கூறியிருக்கிறார். வீட்டார் அறியாவண்ணம் புனைபெயரில் எழுதி, 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'யைத் தந்தார். ஒரு மாலைப்பொழுதின் சிறு மகிழ்ச்சிக்குக் கொடுத்த விலை ஒரு கல்வி. இக்கணக்கு நமக்கு அச்சம் தருகிறது.

பெரியோர்கள் வினவக்கூடும்: தன் குறையைத் தானே ஊரறியச் சொல்வது நாணத்திற்கு ஒத்ததா? குறையை மறைத்தல் பண்பென்று நம் மார்க்கம் கற்பிக்கவில்லையா? கற்பிக்கிறது. அதில் நமக்கு மாறுபாடில்லை. பிறர் குறையைத் தேடி அலையாதிருத்தலும் அதே பண்பின் மறுபாதி என்பதை மட்டும் பணிவுடன் நினைவூட்டுவோம். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி நடப்பது குறையன்று. அதனைக் குறையாக்குவது நம் விசாரணை. ஐந்நூறு ரூபாய்ப் பொய் வேறு வகை. அதனை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும், தானே ஈட்டிய பணத்தில் ஐந்நூறு எனக்கு வேண்டும் என்று கேட்க நாவெழாத ஒரு வீட்டில்தான் அப்பொய் பிறக்கிறது. எல்லா வீடும் ஏறக்குறைய அவ்வீடுதான்.

பெற்றோர் அச்சத்தை நாம் எள்ளவில்லை. ஆரணியிலிருந்து சென்னை நூற்று முப்பது கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் ஒன்று நேர்ந்தால் உடனே ஓட இயலாது. ஆனால் அவ்வச்சம் கொண்டோர் ஒன்றை எண்ண வேண்டும். தேநீர்க் கடையில் நின்றதைச் சொல்ல அஞ்சும் மகள், அலுவலகத்தில் ஒருவன் தவறாக நடந்தால் அதனை எங்ஙனம் சொல்வாள்? சிறியதைக் கேட்டுச் சிரிக்கும் வீட்டில்தான் பெரியது வந்து சேரும். சிறியதற்கே 'வேலையை விட்டு வந்துவிடு' என்னும் வீட்டிற்குச் செய்தி வருவது நின்றுவிடும். பெண்கள் கல்வி என்று முனைந்து நின்றவர்கள் நம் முன்னோர். நீதிபதி பஷீர் அகமது சயீத் 1955இல் சென்னையில் மகளிர் கல்லூரி தொடங்கினார். அனுப்பி வைத்தவர்கள், போனவள் என்ன கண்டாள் என்று கேட்கவும் வேண்டுமல்லவா?

அகத்திணையில் தலைவி தன் மனத்தை முதலிற் சொல்வது தாயிடமன்று, தோழியிடம். தாய்க்குச் செய்தி தோழி வழியே, செவிலி வழியே, படிப்படியாகச் சென்று சேரும். பணிபுரியும் மகளிர்க்கான அரசு விடுதிகளுக்குத் 'தோழி' என்று பெயரிட்டவர் எவரோ, அவர் அகப்பொருள் அறிந்தவர். அத்தோழியின் இடத்தில் ஒரு கல்லூரி மலர் நின்றிருக்கலாம். நாம் நிற்க மறுத்தோம்.

மறுத்ததற்கு உண்மைக் காரணம் வேறொன்று உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்காக நாமும் சென்னையில் விடுதியில் தங்கியிருந்தோம். (2022இல் பல்கலைக்கழக மானியக்குழு அப்பட்டத்தையே நிறுத்திவிட்டது, நம் பெயருக்குப் பின்னுள்ள எழுத்துகள் தொல்பொருளாயின.) ஞாயிறுதோறும் கன்னிமாரா நூலகத்திற்குச் செல்வதாக வீட்டில் சொல்லிவிட்டு, திருவல்லிக்கேணிப் பைகிராப்ட்ஸ் சாலை நடைபாதையில் பழைய புத்தகங்களைப் புரட்டிக்கொண்டிருப்போம். அங்கிருந்து கடற்கரை தொலைவில் இல்லை. வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று, மணலில் ஒரு மணி நேரம். இவ்வளவே நம் குற்றம். அதனையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தோம். விடுதியைக் காலி செய்ய அத்தா வருவதாகச் சொன்ன நாளில், பெட்டியை அவரே அடுக்குவார் என்றஞ்சி, அக்குறிப்பேட்டைக் கிழித்துக் குப்பையில் இட்டோம். அத்தா பெட்டியைத் திறக்கவேயில்லை. தூக்கிப் பார்த்துவிட்டு, 'இவ்வளவு புத்தகமா' என்று மட்டும் கேட்டார். மாணவியின் எட்டுப் பக்கங்களைத் திருப்பித் தந்த கையும் அன்று கிழித்த கையும் ஒன்றே என்பது இப்போதுதான் புலப்படுகிறது.

இவ்வாண்டு மலர்ப்பணி தொடங்கியவுடன் அவருக்கு எழுதி, அப்பக்கங்களை அச்சிட இசைவு கேட்டோம். மறுமொழி வந்தது. அவை இப்போது தமக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகின்றன என்றும், வேறு எழுதிக்கொண்டிருப்பதாகவும், முடிந்தால் அடுத்த ஆண்டு தருவதாகவும் தெரிவித்திருந்தார். 'வேண்டுமானால் நீங்களே உங்கள் நடையில் சொல்லிக்கொள்ளுங்கள் அம்மா; பெயர் மட்டும் வேண்டாம். எங்கம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது ஐந்நூறு ரூபாய்ப் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டேன். போன மாதம் அதையும் சொல்லிவிட்டேன், அதனால் அதையும் எழுதலாம்' என்றொரு வரி.

தாய் என்ன சொன்னார் என்று கேட்டு எழுதினோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, உதட்டுச் சாயம் என்ன நிறம் என்று கேட்டாராம்.