காற்றுப் பெட்டியோடு நாற்பது ராத்திரி

இந்தத் தடவை கேழ்வரகு அடையும் இல்லை, மாங்காய்த் தொக்கும் இல்லை. என் குறட்டையைப் பற்றி எழுதப் போகிறேன். "இதையெல்லாமா பத்திரிகையில போடுவாங்க? ஊரே சிரிக்காதா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். சிரிக்கட்டும். ஆம்பிளை குறட்டை விட்டால் அசந்து தூங்குகிறார் என்கிறோம். பொம்பிளை விட்டால் மட்டும் மானக்கேடு! அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே நான் நாலைந்து வருஷத்தைத் தொலைத்தேன், சகோதரிகளே.

விசேஷ வீடுகளுக்குப் போனால் எல்லாரும் தூங்கின பிறகுதான் படுப்பேன். விடியும் முன்னே எழுந்துவிடுவேன். காலையில் தலை விண்விண் என்று தெறிக்கும். எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. ராத்திரி மூன்று தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கணும். பி.பி. மாத்திரை ஒன்று இரண்டாகியும் அளவு இறங்கவில்லை. "இந்த வயசுல அப்படித்தான், மாதவிலக்கு நிக்கிற நேரம்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். சத்து மாத்திரை சாப்பிட்டாச்சு, தைராய்டு பார்த்தாச்சு. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு நாலு நாள் தூக்க மாத்திரை கூடப் போட்டேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று பின்னால்தான் தெரிந்தது. அந்த மாதிரி மாத்திரைகளில் பல, தொண்டையை இன்னும் தளர்த்திவிடுமாம்.

ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, வீடெல்லாம் கேஸ் நாற்றம். மாமியார் ஓடிவந்து மூடியதால் இன்றைக்கு இதை எழுதுகிறேன்.

அப்போதும் நான் சோம்பேறித்தனம் என்றுதான் என்னையே திட்டிக்கொண்டேன். கோயம்புத்தூரில் படிக்கிற மகள் லீவுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ராத்திரி என் குறட்டையை செல்போனில் பதிவு செய்து, காலையில் போட்டுக் காட்டினாள். கர்... கர்... என்று ஒரே இரைச்சல். சட்டென்று சத்தம் நின்றது. "இப்ப எண்ணும்மா" என்றாள். எண்ணினேன். இருபத்திமூன்று எண்ணியும் மூச்சு வரவில்லை. அப்புறம், கிணற்றில் முங்கினவள் தலையைத் தூக்கினாற்போல ஒரு திணறல், மறுபடி குறட்டை. கேட்டபோது என் கைகால் சில்லிட்டுப் போயிற்று.

சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்க வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். தலை, நெஞ்சு, கால் என்று உடம்பெல்லாம் ஒயர். இதில் எவள் தூங்குவாள் என்று நினைத்தேன். தூங்கிவிட்டேன்!

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து காற்று போகிற வழியை அடைத்துவிடுகிறது. நெஞ்சு முயற்சி பண்ணும், காற்று இறங்காது. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறையக் குறைய மூளை பதறி நம்மைத் தட்டி எழுப்பும். நமக்கு அது நினைவே இருக்காது. இதற்கு 'ஸ்லீப் ஆப்னியா' என்று பேர். பத்து விநாடியாவது மூச்சு நின்றாலோ ரொம்பக் குறைந்தாலோ ஒரு தடவை என்று கணக்கு. மணிக்கு 5 தடவைக்கு உள்ளே என்றால் கவலையில்லை. 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. எனக்கு 34. சாதாரணமாக விட்டால் பி.பி., இதயக் கோளாறு, பக்கவாதம் என்று இழுத்துக்கொண்டு போகும் என்றார். 2022 பிப்ரவரியில் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி காலமானபோது டாக்டர்கள் சொன்ன காரணமும் இந்த வியாதிதான்.

எடையைக் குறைக்கணும். அது தனிக் கதை, இன்னொரு இதழுக்கு ஆகும். உடனடி வைத்தியம் என்று 'சிபேப்' மெஷினை எழுதிக் கொடுத்தார்கள். டிபன் பாக்ஸ் உயரத்துக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், முனையில் மூக்கை மூடும் மாஸ்க். அறைக்குள் இருக்கிற காற்றையே அது லேசான அழுத்தத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்று தொண்டை மூடிக்கொள்ளாமல் முட்டுக் கொடுக்கிறது. மாஸ்க்கும் சேர்த்து 42,000 ரூபாய். என் வளையல் இரண்டும் அடகுக் கடைக்குப் போயின.

பெட்டி வீட்டுக்கு வந்த சேதி தெருவுக்குப் பரவியதும் பார்க்க வேண்டுமே! "ஆக்ஸிஜன் வச்சிருக்காங்களாம்" என்று ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக வர ஆரம்பித்தார்கள். 2021-ல் கொரோனாவில் ஆக்ஸிஜனுக்கு அலைந்த ஞாபகம் யாருக்கும் போகவில்லை. "இது வெறும் காத்துதாங்க" என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது.

முதல் ராத்திரியை ஏன் கேட்கிறீர்கள்! ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே முகத்தை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மூச்சை வெளியே விடவே முடியாது போல ஒரு பயம். வாயைத் திறந்தால் காற்று புஸ்ஸென்று வெளியே வரும். வயிறு ஊதிக்கொண்டு ஏப்பமாக வந்தது. ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டேன். இரண்டாம் நாள் தூக்கத்தில் நானே பிடுங்கிப் போட்டிருக்கிறேன். மூன்றாம் நாள் கண்ணாடியில் பார்த்தேன், யானைக் குட்டி மாதிரி இருந்தேன். வீட்டுக்காரருக்கு முதுகைக் காட்டிப் படுத்து அழுதேன். ஐந்தாம் நாள் பெட்டியைத் துணியில் சுற்றி அலமாரி மேல் ஏற்றிவிட்டேன். அவர் வெயிலுக்கும் குளிருக்கும் கூடத்தில்தான் படுப்பார் என்று ஆகியிருந்ததால், அறைக்குள் நான் அதைப் போடுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

மெஷின் இருக்கிறதே, அது என்னைவிடக் கெட்டி. எத்தனை மணி நேரம் போட்டோம், எத்தனை தடவை மூச்சு நின்றது, காற்று எவ்வளவு கசிந்தது என்று எல்லாவற்றையும் உள்ளே எழுதி வைத்துக்கொள்கிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்க்க வந்த மெஷின் தம்பி, "அம்மா, ஒம்பது நாளா போடவே இல்லையே?" என்று வீட்டுக்காரர் முன்னாலேயே கேட்டுவிட்டான். எனக்குத் தலை நிமிரவில்லை. வளையல் போனது, ரூபாய் போனது, பொய் வேறு.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அன்று ராத்திரி பாயை எடுத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். "கூடத்துல படுக்கறது சத்தத்துக்காகன்னு நெனச்சியா? சத்தம் பழகிப்போச்சு. சத்தம் நிக்குது பாரு, அப்பத்தான் எனக்குத் தூக்கம் வராது. நீ மூச்சு விடற வரைக்கும் காது குடுத்துக்கிட்டுக் கெடப்பேன். ஒருநாள் ரொம்ப நேரம் வரல. உலுக்கி எழுப்புனேன், நீ என்னத் திட்டிட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டே. அன்னிக்கே கேட்டிருக்கணும், பயமாயிருந்துச்சு, கூடத்துக்குப் போயிட்டேன்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் ஒரேயடியாக அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அலமாரி மேலிருந்து பெட்டியை அவரே இறக்கினார்.

அதற்குப் பிறகுதான் உண்மையாகப் பழக ஆரம்பித்தேன். மெஷின் தம்பி சொன்ன யோசனை: ராத்திரிக்குக் காத்திருக்காதீர்கள். சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது மாஸ்க்கை மட்டும் முகத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். இரண்டு நாள் கழித்துக் குழாயை மாட்டி, மெஷினையும் ஓட விடுங்கள். அரைமணி சீரியல் முடியும் வரை என்று பழகினேன். சீரியலில் மாமியார் போடும் சத்தத்தில் மெஷின் சத்தம் மறந்தே போயிற்று. 'ராம்ப்' என்று ஒரு வசதி உண்டு. அழுத்தத்தைக் குறைவாக ஆரம்பித்து மெல்ல மெல்ல ஏற்றும். அதற்குள் தூங்கிவிடலாம். ஆனால் டாக்டர் எழுதிக் கொடுத்த அழுத்தத்தை மட்டும் நாமாகத் தொடக் கூடாது.

கசிவுதான் பெரிய தொல்லை. கசிகிறது என்று வாரை இறுக்கினேன். மூக்குத் தண்டில் புண்ணானதுதான் மிச்சம். இறுக்க இறுக்க மாஸ்க்கின் ரப்பர் மடங்கி இன்னும் கசியுமாம். படுத்துக்கொண்டு, மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கை ஒருதரம் முகத்திலிருந்து தூக்கி வைத்தால் தானே பொருந்துகிறது. முகத்தில் தேங்காய் எண்ணெய், கிரீம் எதுவும் இருக்கக் கூடாது, வழுக்கும். கொண்டை போட்டால் வார் நிற்காது, தளரப் பின்னிக்கொண்டேன்.

இதில் எந்தப் புத்தகத்திலும் எழுதாதது மூக்குத்தி! என் வலது மூக்கு ஒற்றைக்கல் மாஸ்க்கில் இடித்து, அந்தப் பக்கமாகவே காற்று போய்க் கண்ணில் அடித்தது. கழற்றினால் மாமியார் என்ன சொல்வாரோ என்று மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். நாலாம் நாள் ராத்திரி அவரே சின்னச் சம்புடம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். "கழட்டி இதுல போட்டு வையி, தொலச்சுறாத" என்றார். காலையில் பல் விளக்கியதும் போட்டுக்கொள்கிறேன்.

தண்ணீர் சமாச்சாரம் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்குத் தனியாகச் சொல்லணும். வாய் வறளாமல் இருக்க மெஷினோடு ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. தர்மபுரி நிலத்தடித் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஃப்ளோரைடால் பல் கறுத்து, எலும்பு வளைந்த குடும்பங்கள் எத்தனை! 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். நான் அவசரத்துக்கு போர் தண்ணீரைக் காய்ச்சி ஊற்றினேன். நாலே நாளில் தொட்டி அடியில் வெள்ளைப் படிவு. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு எங்கே போகும்? டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்றணும். "இன்வர்ட்டர் பேட்டரிக்கு வாங்கறது இருக்கே" என்றார் வீட்டுக்காரர். அது மூச்சுக்குள் இழுப்பதற்கென்று அடைத்ததல்ல. மெடிக்கல் ஷாப்பில் வாங்குங்கள். மிச்சத் தண்ணீரைத் தினம் காலையில் கொட்டிவிடணும்.

மார்கழிக் குளிரில் குழாய்க்குள் தண்ணீர் முத்துக் கோத்து மூக்கில் சொட்டியது. அலறி எழுந்தேன். தொட்டியின் சூட்டைக் குறைத்து, குழாய்க்குப் பழைய ஸ்வெட்டர் கையை உறையாகத் தைத்துப் போட்டேன், நின்றது. கரண்ட் போனால் பயப்பட வேண்டாம், மூக்கு மாஸ்க்தானே, வாயைத் திறந்து மூச்சு விடலாம். இன்வர்ட்டரில் ஓட்டும்போது சூட்டை அணைத்துவிட்டால் ரொம்ப நேரம் வரும்.

விலை குறைவு என்று பழைய மெஷின் வாங்குகிறவர்கள் கொஞ்சம் நிதானியுங்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி தன் மெஷின்களில் பல மாடல்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. சத்தத்தை அடக்க உள்ளே வைத்த நுரைப் பஞ்சு பொடிந்து காற்றோடு கலக்கக்கூடும் என்பதுதான் காரணம். மாடல் பெயரை விசாரிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மகள் படித்துச் சொன்ன ஒரு விஷயம் எனக்குத் தெம்பாக இருந்தது. இந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து டாக்டர் காலின் சல்லிவன். அதுவரை இந்த வியாதி முற்றினவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவதுதான் வழி. 1980-ல் அப்படித் துளை போட இருந்த ஒருவர் மேல்தான் முதலில் காற்றைச் செலுத்திப் பார்த்தார். 1981-ல் ஐந்து பேரைப் பற்றி 'லான்செட்' பத்திரிகையில் எழுதினார். அந்தக் காலத்து மெஷின், தூசி உறிஞ்சும் கருவியின் மோட்டார். மாஸ்க்கை ராத்திரிக்கு ராத்திரி முகத்தில் பசை தடவி ஒட்டிக்கொண்டு படுப்பார்களாம். என் வார் எவ்வளவோ மேல்!

இருபதாவது ராத்திரி வாக்கில் ஒருநாள் கண்ணைத் திறந்தால் வெளிச்சம். பாத்ரூமுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. தலைவலியைத் தேடிப் பார்த்தேன், இல்லை. நாற்பதாவது நாள் கணக்கெடுத்தபோது 34 என்பது 3 ஆகியிருந்தது. தினம் ஆறு மணி நேரம் போட்டிருந்தேன். பி.பி. மாத்திரை இன்னும் நிறுத்தவில்லை, அது டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது.

தை மாசம் பாலக்கோட்டில் நாத்தனார் மகள் கல்யாணம். போகாமல் இருக்க முடியுமா? பெட்டியோடு போனேன். மண்டபத்து ஹாலில் பெண்கள் எல்லாரும் ஜமக்காளம் விரித்துப் படுத்திருக்க, ஒரே பிளக்கில் ஏழெட்டு செல்போன். ஒன்றைப் பிடுங்கி என் ஒயரைச் செருகினேன். "இதென்ன கண்ணு, மூக்குல தும்பிக்கை?" என்று ஒரு பாட்டி கேட்க, ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். தூங்கிவிட்டேன்.

விடியற்காலையில் காபி தம்ளரோடு ஒரு பெண் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தைந்து வயசு இருக்கும். மூன்று வருஷமாக அடுப்படியில்தான் படுக்கிறாளாம், புருஷன் திட்டுகிறாராம், வெளியே சொல்ல வெட்கம். எழுதிக் கொடுத்தேன், எங்கே போகணும், யாரைப் பார்க்கணும் என்று. போன வாரம் போன் பண்ணினாள். "அக்கா, டெஸ்டுக்கு ராத்திரி தங்கணும்னா துணைக்கு ஆம்பிளைதான் வரணுமா? அவரு வரமாட்டேங்கறாரு" என்றாள்.

"நான் வரேன். பெட்டிக்கு ஒரு பிளக்கு மட்டும் இருக்கான்னு கேட்டு வையி" என்றேன்.